பேசும் பொருள்களும் நாமும்

விசையைத் தட்டினால் மட்டுமே இயங்கி வந்த வீட்டுப் பொருள்கள் இன்று தாமே பேசத் தொடங்கிவிட்டன. இதனைப் 'பொருள்களின் இணையம்' என்பர். 1999-இல் கெவின் ஆஷ்டன் என்னும் ஆங்கிலேயர் இப்பெயரைச் சூட்டினார். பொருளிலுள்ள உணரி வெப்பம், ஈரம், அசைவு முதலியவற்றை அறியும். அச்செய்தி இணையம் வழியே தொலைவிலுள்ள கணினிக்குச் செல்லும். அங்கிருந்து கட்டளை திரும்பி வரும். இவ்வளவே இதன் இரகசியம்.

இதனால் நன்மை உண்டா? உழவர்களைக் கேளுங்கள். மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தால், பாம்புக்கும் தேளுக்கும் அஞ்சியபடியே கிணற்றடிக்குச் செல்ல வேண்டும். இன்றோ பம்புசெட்டில் பொருத்திய சிறு கருவி, மின்சாரம் வந்ததைக் கைப்பேசிக்குத் தெரிவிக்கிறது. வீட்டிலிருந்தே மோட்டாரை ஓட்டலாம். நீர் வற்றினால் அதுவே நிறுத்திவிடும். இக்கருவிக்குத் தமிழக வேளாண்மைப் பொறியியல் துறை மானியமும் வழங்கியிருக்கிறது.

ஆயினும் பூட்டாத கதவு திருடனுக்கு வசதி. 2016 அக்டோபர் 21 அன்று பல்லாயிரக்கணக்கான கண்காணிப்புக் கேமராக்களும் பிற கருவிகளும் 'மிராய்' என்னும் தீய நிரலுக்கு அடிமையாகி, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களைப் பல மணி நேரம் முடக்கின. தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாமலே இருந்ததுதான் காரணம்.

வேறொன்றும் சொல்ல விரும்புகிறோம். பெண் எங்கே இருக்கிறாள் என்று காட்டும் கைக்கடிகாரமும், அவள் வரவைப் படமெடுக்கும் வாசல் கேமராவும் பாதுகாப்புக்கென்றே வாங்கப்படுகின்றன. பெற்றோரின் அச்சம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் அண்ணன் தம்பியருக்கு இல்லாத காவல் எங்களுக்கு மட்டும் ஏன்? காவல் வேறு, நம்பிக்கையின்மை வேறு. வாங்குமுன் எங்களிடமும் ஒரு வார்த்தை கேட்கலாமே!

தோழியரே! சேரப்பணஞ்சேரியைச் சுற்றி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் எங்கும் ஆலைகள். அங்கே கைப்பேசிகளைப் பொருத்தும் கைகளுள் மிகப் பல இளம்பெண்களின் கைகளே. அவ்வுழைப்பு போற்றத்தக்கது. ஆனால் திருகாணியை முடுக்குவதோடு நம் பணி முடிந்துவிடலாகாது. ஒரு பொருள் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது, கேட்டதை யாரிடம் சொல்லலாம் என்று முடிவு செய்யும் இடத்திலும் நாம் அமர வேண்டும். அதற்குக் கணிதமும் இயற்பியலும் இன்றே ஊன்றிக் கற்போம். இறைவன் தந்த அறிவு நமக்கும் பொதுவன்றோ!