ஓட்டை விற்றதாகச் சொல்லாதீர்கள்

தேர்தல் முடிவு வந்த மறுநாளே தீர்ப்பு தயாராகிவிடுகிறது. "காசு வாங்கிட்டு ஓட்டுப் போட்டுட்டாங்க." தோற்ற கட்சிக்காரர் ஆற்றாமையில் சொல்கிறார், படித்தவர் சலிப்போடு சொல்கிறார், தொலைக்காட்சி விவாதத்தில் உட்கார்ந்திருப்பவர் ஆராய்ச்சி முடிவுபோலச் சொல்கிறார். ஒரு கட்சியை மக்கள் ஏன் கைவிட்டார்கள் என்ற கேள்விக்கு நம் மாநிலத்தில் கிடைக்கும் முதல் பதிலும் கடைசிப் பதிலும் இதுவாகவே இருக்கிறது. இது தவறு மட்டுமல்ல, வெயிலில் வரிசையில் நின்று வாக்களித்த ஒவ்வொருவர் மேலும் வீசப்படும் அவதூறு.

மல்லசமுத்திரத்தை எடுத்துக்கொள்வோம். சேலம் மாவட்ட எல்லையை ஒட்டி, நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் பேரூராட்சி. சட்டமன்றத்துக்குத் திருச்செங்கோடு தொகுதி. 2011இல் இந்தத் தொகுதி தேமுதிகவின் முரசை ஜெயிக்கவைத்தது. 2016இல் இரட்டை இலையில் நின்ற பொன். சரஸ்வதியை அனுப்பியது. 2021இல் உதயசூரியன் சின்னத்தில் நின்ற கொங்குநாடு மக்கள் தேசிய கட்சியின் ஈ.ஆர். ஈஸ்வரனைத் தேர்ந்தெடுத்தது. அடுத்தடுத்து மூன்று தேர்தல், மூன்று சின்னம்.

நாமக்கல் மக்களவைத் தொகுதியின் கதை இன்னும் கூர்மையானது. 2014இல் அதிமுகவின் பி.ஆர். சுந்தரம் ஏறத்தாழ 2.9 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஐந்தே ஆண்டில், 2019இல், திமுக அணியின் ஏ.கே.பி. சின்ராஜ் 2.65 லட்சம் வித்தியாசத்தில் வென்றார். 2024இல் அதே அணிதான் வென்றது, ஆனால் வித்தியாசம் சுமார் 29 ஆயிரமாகச் சுருங்கியது. வீட்டுக்கு வீடு கவர் கொடுத்து இவ்வளவு பெரிய அலையை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் திருப்ப முடியும் என்று நம்புகிறவர்கள், அதற்கு எத்தனை கோடி வேண்டும், 2014இல் வென்றவர்களிடம் 2019இல் அந்தக் கோடிகள் எங்கே போயின என்றும் சொல்ல வேண்டும். 2019இல் மாநிலத்தை ஆண்டது அதிமுக, மத்தியில் ஆண்டது அதன் கூட்டணிக் கட்சி. அவர்களிடம் பணமில்லை என்று யாரும் சொன்னதாக நான் கேட்டதில்லை.

பணம்தான் வாக்கைத் தீர்மானிக்கிறது என்றால் ஆளுங்கட்சி தோற்கவே கூடாது. 1989 முதல் 2011 வரை தமிழ்நாட்டில் ஆறு சட்டமன்றத் தேர்தல்கள் நடந்தன. அந்த ஆறில் ஒன்றில்கூட முந்தைய தேர்தலில் வென்ற கட்சி மீண்டும் வெல்லவில்லை. 1996இல் முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா பர்கூரில் தோற்றார், அவர் கட்சிக்குக் கிடைத்தது வெறும் நான்கு இடம். அப்போது அதிகாரம், அதிகாரிகள், பணம் எல்லாம் யார் கையில் இருந்தன?

திருமங்கலத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 2009 ஜனவரி இடைத்தேர்தலில் அங்கே திமுக சுமார் 39 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் வென்றது. வீட்டுக்கு வீடு பணம் போனதாகப் பேசப்பட்டு, 'திருமங்கலம் ஃபார்முலா' என்ற சொல்லே பிறந்தது. அதற்குப் பிறகு தேர்தல் என்றாலே இந்தச் சொல்லை எடுத்து நீட்டுகிறவர்கள் 2011ஐப் பற்றிப் பேசுவதில்லை. இரண்டே ஆண்டில் அதே திருமங்கலம் அதிமுகவை ஜெயிக்கவைத்தது. தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரத்திலும் இதேதான். 2010 இடைத்தேர்தலில் திமுக வென்றது, அதிமுக டெபாசிட் இழந்தது. மறு ஆண்டே அதிமுக கூட்டணியில் நின்ற இந்தியக் கம்யூனிஸ்ட் அங்கே வென்றது. இடைத்தேர்தலில் ஆட்சி மாறாது என்பது வாக்காளருக்குத் தெரியும். ஆளுங்கட்சிக்குப் போட்டால் ரோடாவது வரும் என்று கணக்குப் போடுகிறார். ஆட்சியே மாறக்கூடிய தேர்தலில் வேறு கணக்கு. இரண்டும் அவருடைய கணக்குதான்.

பணம் கொடுப்பதில்லை என்று நான் சொல்லவரவில்லை. கொடுக்கிறார்கள். வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு, இந்த வீட்டில் நாலு ஓட்டு, அந்த வீட்டில் மூணு ஓட்டு என்று பேனாவால் வட்டம் போட்டு, பூத் கமிட்டிக்காரர்கள் இருட்டியபின் தெருவில் இறங்குவதைப் பார்க்காத ஊர் குறைவு. 2016இல் பக்கத்திலிருக்கும் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் பணப் பட்டுவாடாவுக்காகத் தேர்தலையே தள்ளிவைத்து, பிறகு ரத்தும் செய்தார்கள். 2017இல் ஆர்.கே. நகரில் அதே காரணத்துக்காக இடைத்தேர்தல் ரத்தானது. இதெல்லாம் உண்மை. ஆனால் கொடுத்தவர் வாங்கியது எதை? சில இடங்களில் சாமி படத்தின் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டு பணம் கொடுக்கிறார்கள். விலை கொடுத்ததும் பொருள் கைக்கு வந்துவிடும் என்ற உறுதி இருந்தால் சத்தியம் எதற்கு? வாக்கு இயந்திரத்துக்கு முன்னால் நிற்கும்போது வாக்காளரைத் தவிர யாருமில்லை என்பது இரு தரப்புக்கும் தெரியும்.

மல்லசமுத்திரத்தில் கூட்டுறவு விற்பனை சங்கத்தின் கிளையில் பருத்தி ஏலம் நடக்கும். மூட்டைகளை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். வியாபாரிகள் ஒவ்வொரு மூட்டையிலும் கைவிட்டுப் பஞ்சை எடுத்து, இழுத்துப் பார்த்து, ஈரம் பார்த்து, விலை எழுதுவார்கள். ஒரு தேர்தல் முடிந்த வாரம் அங்கே ஒரு அம்மாயியோடு பேசிக்கொண்டிருந்தேன். தன் மூட்டைக்கு என்ன விலை விழப்போகிறது என்பதில்தான் அவர் கண். பணம் கொடுத்தார்களா என்று கேட்டேன். "குடுத்தாங்க, வாங்குனேன் கண்ணு. ரண்டு பக்கமும் குடுத்தாங்க. அதென்ன அவிய கைக்காசா? நம்ம காசு நம்மகிட்டயே வருது." அப்போ ஓட்டு? "ஓட்டு எம்பட கையிலதான இருக்குது. பஞ்சு விலை இப்படிப் போனா எப்படிப் போடறது?" யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அந்த அம்மாயிக்குக் கொள்கை இல்லை, விவரம் இல்லை, ஐந்நூறு ரூபாய்க்கு விலைபோகிறவர் என்று சொல்கிறவர்கள் ஒரு நாள் ஏலக் களத்தில் போய் நிற்கட்டும். விதை விலை, பறிப்புக் கூலி, வண்டி வாடகை எல்லாம் போக மூட்டைக்கு என்ன நிற்கும் என்று காகிதமில்லாமல் கணக்குச் சொல்கிறவர், ஐந்தாண்டு ஆட்சியில் தனக்கு என்ன நின்றது என்று கணக்குப் போடமாட்டாரா?

2011இல் திமுகவைக் கவிழ்த்தவற்றில் மின்வெட்டுக்குப் பெரிய இடமுண்டு. குமாரபாளையம், பள்ளிபாளையம், திருச்செங்கோடு வட்டாரமெங்கும் விசைத்தறிக் குடும்பங்கள். தறி ஓடினால்தான் கூலி. சென்னைக்கு வெளியே அறிவித்த வெட்டே மூன்று மணி நேரம், அறிவிக்காதது வேறு. 2006இல் வாக்குறுதி கொடுத்து வழங்கிய இலவச கலர் டிவி பல வீடுகளில் இருந்தது. அதைப் பெற்ற நன்றியில் வாக்களிப்பார்கள் என்று கட்சி நம்பியது. கரண்ட் இல்லாமல் தறி நின்ற நாட்களைத்தான் மக்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். திமுகவுக்கு மாநிலம் முழுவதும் கிடைத்தது 23 இடம், எதிர்க்கட்சி அந்தஸ்துகூடத் தேமுதிகவுக்குப் போனது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. 2012இல், அதிமுக ஆட்சியில், மின்வெட்டு இன்னும் மோசமானது. தறிக்காரர்களும் மோட்டார் வைத்த விவசாயிகளும் அந்த ஆண்டை மறந்திருக்க மாட்டார்கள். ஆனாலும் 2014 மக்களவைத் தேர்தலில் அதிமுக 39இல் 37 இடங்களை வென்றது. அப்படியானால் மின்வெட்டு காரணமில்லையா? காரணம்தான். ஆனால் வாக்காளர் கோபத்தை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை. மாற்றாக நிற்பவர் யார், அவரை நம்பலாமா என்றும் பார்க்கிறார். மூன்றாண்டு முன்புதான் விரட்டிய கட்சியை அதற்குள் நம்ப அவர் தயாராக இல்லை. தாமதமாகத்தான் தண்டிப்பார், தாமதமாகத்தான் மன்னிப்பார். இதை விலைபோகும் மனம் என்று எப்படிச் சொல்வது?

சாதிக் கணக்கும் இதே வகைதான். கொங்கு என்றால் இந்தச் சாதி, அதன் ஓட்டு இந்தப் பெட்டியில் என்று வரைபடம் போட்டுக் காட்டுகிறார்கள். அந்தச் சாதியின் பெயரால் எழுந்த கொங்கு இயக்கம் 2009 மக்களவைத் தேர்தலில் தனியாக நின்று ஒரு இடமும் பெறவில்லை. 2011இல் திமுக கூட்டணியில் ஏழு தொகுதிகளில் நின்று ஏழிலும் தோற்றது. பழைய திருச்செங்கோடு மக்களவைத் தொகுதியில் 1998இல் வென்ற எடப்பாடி பழனிசாமி, அதே மண், அதே சாதிக் கணக்கு இருந்தும் 1999இல் மதிமுகவின் மு. கண்ணப்பனிடமும் 2004இல் திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசனிடமும் தோற்றார்.

பணத்தின் உண்மையான கேடு வேறு இடத்தில் இருக்கிறது, அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. வார்டு அளவில், பத்து இருபது ஓட்டில் முடிவாகும் உள்ளாட்சித் தேர்தலில் பணம் விளையாடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். அதைவிடப் பெரிது, செலவு செய்ய முடியாதவருக்கு எந்தக் கட்சியும் சீட்டு கொடுப்பதில்லை என்பது. ஏலக் களத்தில் நிற்கும் விவசாயியோ தறி ஓட்டுகிறவரோ வேட்பாளராகவே வரமுடியாமல் போகிறது. இந்தக் கேட்டைச் செய்வது கட்சிகள். பழியை மட்டும் வாக்காளர் தலையில் கட்டுகிறார்கள்.

வாக்காளர் எதற்காகத் திரும்பினார் என்பது தலைவர்களுக்குத் தெரியாமலில்லை. 1979இல் எம்.ஜி.ஆர். அரசு பிற்படுத்தப்பட்டோர் இட ஒதுக்கீட்டுக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என்று உச்சவரம்பு விதித்தது. 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் அதிமுகவுக்குக் கிடைத்தது சிவகாசியும் கோபிசெட்டிபாளையமும் மட்டும். எம்.ஜி.ஆர். மக்கள் விலைபோனார்கள் என்று புலம்பிக்கொண்டிருக்கவில்லை. உச்சவரம்பை உடனே விலக்கி, ஒதுக்கீட்டை 31இலிருந்து 50 விழுக்காடாக உயர்த்தினார். பிப்ரவரியில் ஆட்சி கலைக்கப்பட்டது, அந்த அநியாயமும் சேர்ந்துகொண்டது. மே மாதச் சட்டமன்றத் தேர்தலில் அவருக்கு 129 இடம். நான்கே மாதத்தில் அதே மக்கள்.

2004 இன்னும் தெளிவு. முந்தைய ஆண்டு, வேலைநிறுத்தம் செய்ததற்காகச் சுமார் 1.7 லட்சம் அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் ஜெயலலிதா அரசு வீட்டுக்கு அனுப்பியிருந்தது. பம்புசெட் இலவச மின்சாரம் போய், பணமாகத் தருகிறோம் என்றார்கள். வருமானம் அதிகம் என்று ரேஷன் கார்டில் 'எச்' முத்திரை குத்தி அரிசியை நிறுத்தினார்கள். ஊர்க் கோயிலில் கிடா வெட்டக்கூடத் தடை, அதைத் தேர்தல் நெருங்கியபோது அவசரமாக விலக்கினார்கள். கிணற்று மேட்டில் மோட்டாரை நம்பிப் பயிர் வைக்கும் மல்லசமுத்திரம் பக்கத்து விவசாயிக்கு இதில் எது தொடாமல் போனது? மே 13 அன்று முடிவு வந்தது. 39 தொகுதிகளில் அதிமுகவுக்கு ஒன்றும் இல்லை. அந்த மே மாதம் முடிவதற்குள் இலவச மின்சாரம் திரும்ப வந்தது, 'எச்' முத்திரை போனது, ஊழியர்கள் மீதான நடவடிக்கைகள் கைவிடப்பட்டன, அதே அரசு கொண்டுவந்திருந்த மதமாற்றத் தடைச் சட்டமும் நீக்கப்பட்டது. தோல்விக்குக் காரணம் கவரில் இருந்த பணம்தான் என்று ஜெயலலிதா நினைத்திருந்தால் இத்தனை ஆணைகளை ஏன் திருப்ப வேண்டும்?

இரண்டு ஆண்டு கழித்து 2006இல் அவர் ஆட்சியை இழந்தார், ஆனால் கட்சி 61 இடங்களைப் பிடித்தது. 96 இடங்களோடு திமுக கூட்டணிக் கட்சிகளின் ஆதரவில் சிறுபான்மை அரசு அமைக்க வேண்டிவந்தது. மக்களவையில் ஒரு இடம்கூடக் கொடுக்காதவர்கள், திருத்திக்கொண்ட அளவுக்கு ஏற்பத் திருப்பிக் கொடுத்தார்கள்.