ஆதிரங்கத்தில் ஒரு தை இரவு

பொங்கலுக்கு ஊர் செல்ல இயலாது விடுதி அறையில் தனித்திருக்கும் மாணவப் பிள்ளைகள் நம் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. அவர்களையும், அவர்களை எண்ணிக் கலங்கும் பெற்றோரையும் கருதி இம்மாதம் என் அனுபவம் ஒன்றை எழுதுகின்றேன்.

2017-ஆம் ஆண்டுப் பொங்கல் திருநாள். நான் அப்போது மைசூரில் பயின்றுகொண்டிருந்தேன். தேர்வு நெருங்கியிருந்தமையால் தஞ்சைக்குச் செல்லவில்லை. நான்கு திங்களுக்கு முன்னர், 2016 செப்டம்பரில், காவிரி நீர்ப் பூசலையொட்டிப் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் பல எரிக்கப்பட்டிருந்தன. "தம்பி, வெளியே எங்கும் போகாதே, தெருவில் தமிழில் பேசாதே" என்று அன்னையார் தொலைபேசியில் நாள்தோறும் சொல்லிவந்தார்.

அன்று பிற்பகல் உடன் பயின்ற கன்னட நண்பர் அறைக் கதவைத் தட்டினார். அவர் ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்த சிற்றூரினர், உழவர் மகன். "பண்டிகை நாளில் தனியாக இருக்கலாமா? எங்கள் வீட்டுக்கு வா" என்றார். தயங்கினேன். பின்னர் அன்னையாரிடம் சொல்லாமலே புறப்பட்டேன்.

மைசூரிலிருந்து ஏறத்தாழப் பதினைந்து கிலோமீட்டர் தொலைவுதான். வீட்டு வாசலிலேயே நண்பரின் தாயார் எள், வெல்லம், வேர்க்கடலை, பொரிகடலை, கொப்பரைத் துண்டு கலந்த கலவையை என் கையில் வைத்தார். எள்ளும் வெல்லமும் தின்று நல்லதைப் பேசுக என்பது அந்நாளில் கன்னடர் கூறும் வாழ்த்து. நம் வெல்லம் அவர்கள் நாவில் 'பெல்ல' ஆகின்றது, இனிப்பு ஒன்றே.

பொழுது சாய்ந்ததும் தெருவின் குறுக்கே வைக்கோலைப் பரப்பித் தீ மூட்டினர். மஞ்சள் பூசி, கொம்பில் வண்ணம் தீட்டி, மாலை சூட்டிய காளைகளை உழவர்கள் கயிற்றைப் பற்றியவாறே ஓட்டிவந்து தீயைத் தாண்டச் செய்தனர். இதனைக் 'கிச்சு ஹாயிசுவுது' என்பர். கிச்சு என்றால் நெருப்பு. நாம் மறுநாள் கொண்டாடும் மாட்டுப் பொங்கலை அவர்கள் அன்றிரவே கொண்டாடுகின்றனர்.

காளையைக் கட்டிவிட்டு வந்த நண்பரின் தந்தையார் என்னருகில் அமர்ந்து, "உங்கள் ஊரில் பயிர் எப்படி?" என்று வினவினார்.

"சம்பா கருகிவிட்டது, ஐயா" என்றேன். சொன்ன பிறகே அஞ்சினேன். இது பூசலுக்கு வித்தாகுமோ?

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்கள் கரும்பும் காய்ந்துதான் போயிற்று. மழை பெய்த ஆண்டில் நம்மை யாரும் நினைப்பதில்லை, பெய்யாத ஆண்டில் நமக்காகப் பேருந்தை எரிக்கிறார்கள்" என்றார்.

இரவு அரங்கநாதர் கோயிலுக்குச் சென்றோம். சங்கராந்தியன்று அங்கு இலட்ச தீப விழா. கோயில் முற்றமெங்கும் அகல்கள். வந்தவர் எல்லோரும் ஏற்றுகின்றனர். என் கையிலும் ஒரு திரியைக் கொடுத்தனர். காவிரி இரண்டாகப் பிரிந்து சூழும் தீவு அவ்வூர். அங்குள்ள பெருமான் ஆதிரங்கர், சிவசமுத்திரத்தில் மத்தியரங்கர், நம் திருவரங்கத்தில் அந்தியரங்கர். மூன்று தீவுகளுக்கும் ஆறு ஒன்றே. என் ஊர் வாய்க்காலுக்கு வரும் நீரின் கரையில்தான் விளக்கேற்றுகிறேன் என்று எண்ணியபோது, அயலூரில் இருக்கிறேன் என்ற நினைவே அகன்றது.

மறுநாள் அன்னையாரிடம் உண்மையைச் சொன்னேன். சற்று நேரம் மௌனம். பின்னர், "வெறுங்கையோடா போனாய்?" என்று கடிந்துகொண்டார். அடுத்த தைக்கு, நண்பர் வீட்டுக்கென்று ஒரு தூக்கு நிறைய அதிரசம் வந்து சேர்ந்தது.

பெற்றோர்களே, கலவரம் நடந்தது மெய். உங்கள் அச்சமும் பொய்யன்று. நிலைமை அறிந்தே பிள்ளைகளை அனுப்புங்கள். ஆயினும் அழைப்பவர் நல்லவரெனில், அவ்வூர்த் திருவிழாவுக்குப் போகவேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். கையில் ஏதேனும் கொடுத்தனுப்புங்கள்.