பூட்டு நம்மளுது, சாவி மட்டும் அவங்க கையிலயா?

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். ஊருன்னா கன்னிவாடி. காலையில டீக்கடைக்குப் போனா அங்க ஒரு பெரிய பஞ்சாயத்து. நாயகன் வேற யாருமில்ல, எங்க பெரியப்பா மகன்தான். அண்ணன் வெள்ளாமையும் பாப்பாரு, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய் ஏத்திவிடுற யாவாரமும் பாப்பாரு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கோயமுத்தூர்ல ஒரு ஜெர்மன் டீசல் காரை செகண்ட்ஹேண்டா எடுத்தாரு. புதுசா வாங்குனா அரைக்கோடிக்கு மேல. இவரு கொடுத்தது 22 லட்சம். பேர் வேணாம், வம்பு எதுக்கு.

பஞ்சாயத்து என்னன்னா, இந்த வண்டியைக் கம்பெனி சர்வீஸ்ல விடுறதா, வெளிய விடுறதா?

"அம்புட்டு வெல குடுத்து வாங்கிட்டு ரோட்டோரப் பட்டறையில விட்டா வெளங்குமாய்யா?" இது ஒரு கட்சி.

"கம்பெனியில விட்டா தோட்டத்தை எழுதிக் குடுத்துட்டு வரணும்டா" இது எதிர்க்கட்சி.

நடுவுல என்னையப் பார்த்து, "தம்பி, நீதேன் மெட்ராஸ்ல இருக்கேல்ல, நீ சொல்லு"ன்னாங்க. சொன்னேன். ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு அரசியலுக்குத் தாவிட்டாங்க. அங்க விட்டதை இங்க முடிக்கிறேன். கேக்க ஆள் இல்லாதவன் எழுதித்தானே ஆகணும் :)

முதல்ல நடந்த கதை. எங்க பெரியம்மாவுக்கு வாரம் ரெண்டு தடவை திண்டுக்கல்ல டயாலிசிஸ். விடிகாலை அஞ்சரைக்கு வண்டி கிளம்பணும். ஒருநாள் பாதி வழியில மஞ்சள் விளக்கு எரிஞ்சிருக்கு, வண்டி நாப்பதுக்கு மேல போக மாட்டேங்குது. எப்படியோ உருட்டிக்கிட்டு ஆஸ்பத்திரி போய்ச் சேந்துட்டாங்க. அப்புறம் வண்டியை லாரியில ஏத்தி, கம்பெனி அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்கு அனுப்பியாச்சு. பக்கத்துல எங்கயும் கிடையாது, பெரிய டவுனுக்குத்தான் போகணும்.

மூணாவது நாள் எஸ்டிமேட் வந்துச்சு. புகைக்குழாய்ல இருக்குற டிபிஎஃப், அதாவது டீசல் கரியைப் பிடிச்சு வைக்கிற வடிகட்டி, அடைச்சுப் போச்சாம். மொத்தமா மாத்தணுமாம். கூட ரெண்டு சாமான். லேபர், வரி எல்லாம் சேத்து 3,40,000 ரூபாய். அண்ணன் அண்ணியோட நகையை அடகு வைக்கக் கிளம்பிட்டாரு. வண்டி பதினொரு நாள் அங்கயே நின்னுச்சு. பெரியம்மா வாடகைக் கார்ல போய் வந்துச்சு.

"அவிங்க கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்றாய்ங்கடா, தப்பா இருக்குமா?" இதுதான் அண்ணன் என்கிட்ட போன்ல கேட்டது. நான் ஒரு வார்த்தைதான் சொன்னேன். "அண்ணே, அடகு வைக்கிறதுக்கு முன்னாடி இன்னொருத்தர்கிட்ட காமிங்க."

திண்டுக்கல்ல ஒருத்தர். முன்னாடி இதே மாதிரி சர்வீஸ் சென்டர்ல பல வருஷம் வேலை பாத்துட்டு, கடன் வாங்கி ஸ்கேனர் வாங்கி, சொந்தமா ஷெட் போட்டவர். அவரு வண்டியில மாட்டிப் பாத்துட்டு, அடியில படுத்து அரை மணி நேரம் கிடந்துட்டு வந்து சொன்னது: "அண்ணே, ஃபில்டருக்கு முன்னாடியும் பின்னாடியும் அழுத்தம் எவ்வளவுன்னு பாக்குற சென்சார் இருக்கு. அதுக்குப் போற ரப்பர் ஹோஸ் வெடிச்சிருக்கு. சென்சார் தப்புத் தப்பா ரீடிங் குடுக்குது. அதனால தானா கரியை எரிக்கிற வேலையும் நின்னுபோச்சு." ஹோஸ், சென்சார், அப்புறம் ஸ்கேனர் வழியா வடிகட்டியைச் சூடேத்தி கரியை எரிச்சுவிடுற வேலை. மொத்தம் 18,600 ரூபாய். பில்லோட. பழைய ஹோஸை ஒரு கவர்ல போட்டுக் கையில குடுத்தாரு.

3,40,000 எங்க, 18,600 எங்க!

இதைக் கேட்டதும் "பாத்தியா, கம்பெனிக்காரன் எல்லாம் திருடன்"னு ஒரு கூட்டம் கிளம்பும். ஐயா சாமிகளா, கொஞ்சம் இருங்க. கதையில இன்னொரு பாதி இருக்கு.

அண்ணன் வண்டி வாங்குன புதுசுல, டீக்கடை ஆலோசனையின் பேர்ல, டிராக்டர் பாக்குற பட்டறையில ஆயில் மாத்தியிருக்காரு. ஊத்துனது சாதாரண டீசல் இன்ஜின் ஆயில். இந்த மாதிரி வடிகட்டி வச்ச வண்டிக்குச் சாம்பல் கம்மியா வர்ற தனி ஆயில் ஊத்தணும், புத்தகத்துலயே நம்பர் போட்டிருக்கான். கரியைச் சூட்டுல எரிச்சுடலாம், ஆயில்ல இருந்து வர்ற சாம்பலை எரிக்க முடியாது. அது வடிகட்டிக்குள்ளயே உக்காந்துக்கும். ஒரு தடவை ஊத்துனா வண்டி செத்துடாது, ஆனா வடிகட்டியோட ஆயுசு குறையும். டிராக்டர் மெக்கானிக் மேல தப்பு இல்ல, டிராக்டர்ல அவரு கில்லாடி. கண் டாக்டர்கிட்ட போய் பல்லைப் பிடுங்கச் சொன்னது நம்ம தப்பு.

அதனால "கம்பெனியா, வெளியவா"ங்கிற கேள்வியே பாதி தப்பு. மூணு விஷயம் யாருகிட்ட இருக்குன்னு பாக்கணும். வண்டிக்குள்ள பேசுற கருவி, சரியான ஆயில், ஸ்பேர் நம்பர், செஞ்ச வேலைக்குப் பொறுப்பேத்துக்கிற பில். இந்த மூணும் இருக்குறவன் நல்ல மெக்கானிக். அவன் கண்ணாடி ஷோரூம்ல இருந்தா என்ன, தகர ஷெட்ல இருந்தா என்ன?

இப்ப எனக்குக் கோவம் வர்ற இடத்துக்கு வர்றேன்.

அந்த மூணுல முதல் ரெண்டையும் வெளி மெக்கானிக்குக் கிடைக்க விடாம கதவைச் சாத்துனது யாரு? அதே கம்பெனிகள்தான். ஸ்டீயரிங்குக்குக் கீழ பதினாறு முனை வச்ச ஓபிடி சாக்கெட் ஒண்ணு இருக்கும். சாதாரண ஸ்கேனரை மாட்டுனா புகை சம்பந்தமான கோடு மட்டும் தெரியும். கியர்பாக்ஸ், ஏர்பேக், புது பேட்டரி போட்டா வண்டிக்கு அதைச் சொல்றது, இதுக்கெல்லாம் கம்பெனி சாஃப்ட்வேர் வேணும், இல்லைன்னா லட்சக்கணக்குல விலை வர்ற கருவி வேணும். சில புது வண்டிகள்ல கம்பெனி சர்வர் அனுமதி குடுத்தாத்தான் உள்ளயே போக முடியும்.

இதை நான் மட்டும் பொலம்பல. 2011-ல ஷம்ஷேர் கட்டாரியாங்கிறவர் இந்தியப் போட்டி ஆணையத்துல ஒரு புகார் குடுத்தாரு. ஸ்பேரையும் பரிசோதனைக் கருவிகளையும் வெளி மார்க்கெட்ல விக்காம, அங்கீகரிச்ச டீலர்கிட்ட மட்டும் வச்சுக்கிறாங்கங்கிறதுதான் புகார். விசாரணை மத்த கம்பெனிகளுக்கும் நீண்டுச்சு. 2014 ஆகஸ்ட் 25 அன்னைக்கு ஆணையம் தீர்ப்பு சொல்லுச்சு. மாருதி, டாடா, மஹிந்திரா, டொயோட்டா, ஹோண்டா, ஃபோர்டு, பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ், ஸ்கோடா உட்பட 14 கம்பெனிகளுக்குச் சேத்து 2,544 கோடி ரூபாய்க்கு மேல அபராதம்!

ஆணையம் சொன்ன காரணம் ரொம்ப எளிமையானது. கார் வாங்குற வரைக்கும் நமக்குப் பத்து கம்பெனி இருக்கு. வாங்குன மறுநாள்ல இருந்து அந்த வண்டியோட ஸ்பேருக்கு ஒரே ஒரு கம்பெனிதான். அந்தச் சின்னச் சந்தையில அவன்தான் ராஜா. "பாதுகாப்புக்காகத்தான் இப்படிச் செய்றோம், அறிவுசார் சொத்துரிமை இருக்கு"ன்னு கம்பெனிகள் சொன்னதை ஆணையம் ஏத்துக்கல. ஸ்பேரையும் கருவியையும் வெளி மார்க்கெட்டுக்கு விடச் சொல்லுச்சு. வெளிய வேலை பாத்தாங்கங்கிற ஒரே காரணத்துக்காக ஒட்டுமொத்தமா வாரண்டியை ரத்து பண்ணக் கூடாது, வெளிய பாத்த தப்பான வேலையால வந்த சேதத்துக்கு மட்டும் வேணும்னா மறுக்கலாம்னும் சொல்லுச்சு.

அப்புறம் என்ன, வழக்குதான். 2016 டிசம்பர்ல மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் டொயோட்டா, ஃபோர்டு, நிசான் விஷயத்துல தப்பு தப்புதான்னு சொல்லி, அபராதத்தை மட்டும் குறைச்சுச்சு. விவகாரம் உச்சநீதிமன்றம் வரைக்கும் போச்சு. இதுக்கு நடுவுல சர்வீஸ் அட்வைசர் மட்டும் இன்னைக்கும் அதே பாட்டைப் பாடுறாரு: "வெளிய விட்டா வாரண்டி போயிடும் சார்."

அமெரிக்காவுல 1975-லயே சட்டம் போட்டாங்க, எங்க பார்ட்டைத்தான் போடணும், எங்ககிட்டத்தான் வரணும்னு வாரண்டிக்கு நிபந்தனை வைக்கக் கூடாதுன்னு, இலவசமாக் குடுத்தா ஒழிய. மாசசூசெட்ஸ்ல 2012-ல இதை மக்கள் ஓட்டுக்கே விட்டு ஜெயிச்சாங்க. நம்ம ஊர்லயும் 2022 டிசம்பர்ல நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்குன்னு ஒரு இணையதளம் திறந்துச்சு, அதுல கார்களும் சேத்தி. நல்லது. ஆனா இணையதளம் வேற, சட்டம் வேற.

"எதுக்கு இந்த வம்பு, காசு போனாப் போகுது, கம்பெனியே கதின்னு இருந்துட்டா நிம்மதிதானே?"ன்னு கேக்குறவங்களுக்கு ஒரு கேள்வி. கம்பெனியே போயிட்டா? செவ்ரோலே 2017 கடைசியில இந்தியாவுல விக்கிறதை நிறுத்துச்சு. ஃபோர்டு 2021 செப்டம்பர்ல உற்பத்தியை நிறுத்தப் போறோம்னு அறிவிச்சுச்சு, நம்ம மறைமலைநகர் ஆலை உட்பட. சர்வீஸ் தொடரும்னுதான் சொன்னாங்க. ஆனா புது வண்டி விக்காத ஊர்ல எத்தனை டீலர் கடையைத் திறந்து வச்சிருப்பான்? அந்த வண்டி வச்சிருக்குறவங்களைக் கேட்டுப் பாருங்க, யாரு காப்பாத்துறாங்கன்னு. வேலை தெரிஞ்ச வெளி மெக்கானிக்தான். அவனை நாம இன்னைக்குப் பட்டினி போட்டா, நாளைக்கு அவசரத்துக்குத் தேடுறப்போ அவன் வேற தொழிலுக்குப் போயிருப்பான்.

வெளிக்காரங்களுக்கும் ரெண்டு வார்த்தை. பில் கேட்டா "வரி சேரும்ணே, வேணுமா?"ன்னு கேக்காதீங்க. போலி ஸ்பேரை 'ஒரிஜினல் மாதிரியே'ன்னு தள்ளாதீங்க. தெரியாத வேலையைத் தெரியும்னு இழுத்துப் போடாதீங்க. நீங்க பண்ற ஒவ்வொரு கோளாறும் அந்தக் கண்ணாடி ஷோரூமுக்கு விளம்பரம்.

சரி, உபயோகமா நாலு வரி வேணாமா?

1. வாரண்டி இருக்குறவரைக்கும் கம்பெனியிலயே விடுங்க. சட்டம் நம்ம பக்கம் பேசுனாலும், தகராறு வந்தா அலையப் போறது நாமதான். ஆனா புத்தகத்துல இல்லாத இன்ஜின் ஃப்ளஷ், ஏசி கிளீனிங், அடியில கோட்டிங் இதையெல்லாம் தைரியமா வேணாம்னு சொல்லுங்க.

2. வாரண்டி முடிஞ்சதும், உங்க பிராண்டை மட்டும் பாக்குற, ஸ்கேனர் வச்சிருக்குற ஆளைத் தேடுங்க. வண்டி நல்லா இருக்கும்போதே ஒரு ஆயில் சர்வீஸ் குடுத்துப் பாருங்க. என்ன நம்பர் ஆயில்னு அவரு உங்களைக் கேக்காம தானா சொல்லணும்.

3. அரை லட்சத்துக்கு மேல எஸ்டிமேட் வந்தா, கோடு பிரிண்டை வாங்கிக்கிட்டு இன்னொரு இடத்துல காமிங்க. 'மொத்தமா மாத்தணும்'னு சொன்னா, எந்தப் பரிசோதனையில தெரிஞ்சதுன்னு கேளுங்க.

4. மாத்துன பழைய சாமானைக் கேட்டு வாங்குங்க.

5. ரீகால், ஏர்பேக் மாதிரி சமாச்சாரத்துக்கு மட்டும் எப்பவும் கம்பெனிதான். ரீகாலுக்குக் காசு கிடையாது, வெளிய சர்வீஸ் பண்ணுன வண்டியா இருந்தாலும் சரி.

நான் திண்டுக்கல்காரன். பூட்டுக்குப் பேர் போன ஊரு. எங்க ஊர்ல பூட்டு வாங்குனா சாவியையும் சேத்துத்தான் குடுப்பாங்க. "பூட்டு உங்களுது, சாவி எங்க கடையிலயே இருக்கும், திறக்கணும்னா காசு குடுத்துட்டு வந்து திறந்துக்கோங்க"ன்னு எவனாவது சொல்லியிருந்தா, நாகல்நகர் தாண்டியிருக்க மாட்டான். 22 லட்சம் குடுத்து வாங்குன காருக்கு மட்டும் ஏன் நாம வாயை மூடிக்கிட்டு இருக்கோம்? விலை கூடக்கூட நமக்கு வாய் குறைஞ்சுடுதா?

ஊர்ல இருந்து கிளம்புற அன்னைக்கு விடியக்காலை, பெரியம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறப்போ நானும் அதே வண்டியில ஏறிக்கிட்டேன். மஞ்சள் விளக்கு எரியல. பெரியம்மா சீட்டைத் தடவிக்கிட்டே, "அந்தத் தம்பி கை நல்ல கைடா, குழாயைப் பாத்தே சொல்லிப்புட்டான்"னுச்சு. அண்ணி கழுத்துல நகை கிடந்துச்சு. எனக்கு அது போதும்.

என்ன நாஞ்சொல்றது?

டிஸ்கி: வெடிச்சுப்போன அந்த ஹோஸை அண்ணன் இன்னும் டேஷ்போர்டுக்குள்ள பத்திரமா வச்சிருக்காரு. டீக்கடையில யாராவது "கம்பெனிதேன் பெஸ்ட்டு"ன்னு ஆரம்பிச்சா எடுத்து மேசையில போடுறாராம் :))