தலையணைக்கு அடியில் ஒரு பேட்டரி

பெட்ரோல் பங்க்கில் செல்போன் படத்துக்குக் குறுக்கே சிவப்புக் கோடு போட்ட பலகையைப் பார்த்திருப்பீர்கள். பல பங்க்குகளில் அதே தூணில் கொஞ்சம் கீழே க்யூஆர் அட்டையும் ஒட்டியிருக்கும். மேலே போனை எடுக்காதே என்கிறார்கள், கீழே எடுத்துக் காட்டு என்கிறார்கள். "ஜீரோ பாத்துக்கங்கண்ணே" என்று பையன் சொல்லும்போது நாம் யுபிஐ பின் நம்பர் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

உண்மையில் அந்தப் பலகை பயமுறுத்தும் அளவுக்கு அங்கே செல்போனால் ஆபத்து இல்லை. அமெரிக்காவில் பங்க் கருவித் தொழில்துறையினரின் சங்கம் பங்க் தீ விபத்துகளைத் திரட்டி ஆராய்ந்தது. செல்போனால் பற்றியது என்று நிரூபணமான ஒன்றுகூட அகப்படவில்லை. பல விபத்துகளுக்குக் காரணம் நிலைமின்சாரம். அங்கே பெரும்பாலும் வண்டிக்காரரேதான் பெட்ரோல் போட்டுக்கொள்ள வேண்டும். குழாயைச் செருகிவிட்டுக் காருக்குள் போய் உட்காருவார், சீட்டில் துணி உரச இறங்கி வந்து குழாயைத் தொடுவார், விரல் நுனியில் பொறி பறக்கும். பெட்ரோல் ஆவிக்கு அது போதும்.

இருந்தாலும் வண்டியை விட்டு இறங்கி, போனைப் பாக்கெட்டில் போடுங்கள். ஜீரோவையாவது பார்க்கலாம். பணம் கட்டுவதை வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டுச் செய்யலாம்.

கோயில் தடை வேறு ரகம். 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தமிழகக் கோயில்களில் செல்போனைத் தடுக்கச் சொன்னது, சந்நிதியின் அமைதிக்காகவும் தூய்மைக்காகவும். கவுன்டரில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டால் முடிந்தது.

எனக்குக் கவலை வேறு இடத்தில். பங்க்கில் பயபக்தியோடு போனை அணைக்கிற அதே மனிதர், ராத்திரி சார்ஜரில் செருகித் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறார். லித்தியம் அயன் பேட்டரி சார்ஜ் ஏறும்போது சூடாகும், அந்தச் சூடு வெளியேற வேண்டும். இலவம்பஞ்சு அதை விடாது. பழுதான பேட்டரியில் சூடு ஓர் எல்லையைத் தாண்டினால், உள்ளே நடக்கும் ரசாயன மாற்றமே மேலும் சூட்டைக் கிளப்பும். பிறகு சார்ஜரைப் பிடுங்கினாலும் நிற்காது. 2016இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்ததும் பேட்டரிக் கோளாறால்தான். மாற்றிக் கொடுத்த போன்களும் எரிந்ததால் அந்த மாடலையே நிறுத்தினார்கள்.

விமானத்தில் பவர் பேங்க்கை லக்கேஜில் போடக் கூடாது, கைப்பையில்தான் வைக்க வேண்டும் என்பதும் இதனால்தான். கேபினில் புகைந்தால் யாராவது பார்ப்பார்கள், அடியில் சரக்கு அறையில் யார் பார்ப்பது? பொதுவாக 100 வாட் மணி வரை தடையில்லை, அதாவது ஏறக்குறைய 27,000 எம்ஏஎச்.

வீட்டில் கவனிக்க வேண்டியது பேட்டரி உப்பல். பழைய கழற்றும் பேட்டரியென்றால் சர்வீஸ் கடைக்காரர் கண்ணாடி மேஜையில் வைத்து ஒரு சுண்டு சுண்டுவார். பம்பரம்போலச் சுற்றினால் "உப்பிடுச்சு சார்" என்பார். இப்போதைய போன்களில் திரையோ பின்மூடியோ ஓரமாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதை அமுக்கி உட்கார வைக்கப் பார்க்காதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். கழற்றிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியிலும் போட வேண்டாம். லாரியில் குப்பையை அழுத்தும்போது நசுங்கித் தீப்பிடிக்கலாம், அவதிப்படுவது தூய்மைப் பணியாளர்கள். மின்கழிவு வாங்குபவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.