அகதி விண்ணப்பமும் அனுமதிக் கட்டுரையும்

மருத்துவமும் பொறியியலும் அன்றி வேறு கல்வியே இல்லை என்றிருந்த எமது சமூகத்தில், வணிக முகாமைத்துவம் கற்க விரும்பும் பிள்ளைகள் பெருகி வருகின்றனர். வரவேற்கத்தக்கதே. ஆனால் பெரிய கல்லூரிகளின் வாசலில் இவர்களில் பலரை மறித்து நிற்பது கணக்கும் அல்ல, ஆங்கிலமும் அல்ல. தம்மைப் பற்றி எழுதும்படி கேட்கப்படும் ஓரிரு பக்கக் கட்டுரையே. அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோர்ட் வணிகக் கல்லூரி, உமக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது எது, அது ஏன் என்று நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றது. பாரிசுக்கு அண்மையில் ஃபொன்ரன்புளோவில் 1957இல் தொடங்கப்பட்ட இன்சியாட், நிறைகளோடு குறைகளையும் ஒளியாது எழுதச் சொல்கின்றது. ஹாவார்ட் வணிகக் கல்லூரி 2024இல் தனது பழைய ஒற்றைக் கேள்வியைக் கைவிட்டு மூன்று சிறு கேள்விகளை முன்வைத்தது.

எமது தலைமுறைப் பெற்றோருக்கு இது விளங்குவதில்லை. புள்ளிகள்தாம் நாம் அறிந்த ஒரே வாசல். 1970களின் தரப்படுத்தலில் அவ்வாசலும் பலருக்கு அடைபட்டது வேறு கதை. "ஜிமற் சோதினையில் இவ்வளவு எடுத்திருக்கிறான், பிறகென்ன கட்டுரை?" என்று தந்தையொருவர் எம்மிடம் கேட்டார். அவரது ஐயம் அடியோடு பிழையானதன்று. 1920களில் ஹாவார்ட், யேல், பிறின்ஸ்ரன் ஆகிய பல்கலைக்கழகங்கள் புள்ளிகளோடு 'குணநலனையும்' அளக்கத் தலைப்பட்டமைக்கு, பரீட்சையில் முன்னின்ற யூத மாணவரின் தொகையைக் குறைக்கும் எண்ணமே பெரிதும் காரணம் என்பதைச் சமூகவியலாளர் ஜெரோம் கராபெல் 2005இல் வெளியிட்ட நூலில் ஆவணங்களோடு காட்டியுள்ளார்.

ஆயினும் அன்று வாசலை அடைக்கப் பயன்பட்ட கருவி இன்று வேறு பக்கமும் திரும்பியிருக்கின்றது. 2023 ஜூன் 29ஆம் திகதித் தீர்ப்பில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மாணவரை அனுமதிக்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதைத் தடுத்தது. அதே தீர்ப்பில், இனம் தமது வாழ்வை எவ்வாறு பாதித்தது என ஒருவர் எழுதுவதைக் கருத்திற் கொள்ளலாம் என்றும், ஆனால் அது அம்மாணவரின் சொந்தத் துணிவோடும் உறுதியோடும் திறனோடும் பொருந்த வேண்டும் என்றும் பிரதம நீதியரசர் எழுதினார். எமது பிள்ளைகள் கவனிக்க வேண்டியது இந்தப் பின்பாதியைத்தான்.

ஏனெனில் எமது சமூகம் தன்னைப் பற்றி எழுதப் பழகியது ஒரேயோர் இடத்தில்: அகதி விண்ணப்பத்தில். கனடாவில் 2012 டிசம்பருக்குப் பின்னர் வந்தவர்கள் நிரப்பும் கோரிக்கை அடிப்படைப் படிவமாயினும், ஐரோப்பிய நாடொன்றின் விசாரணை அறையில் மொழிபெயர்ப்பாளர் மூலம் சொன்ன வாக்குமூலமாயினும், அங்கே கேட்கப்படுவது உமக்கு என்ன செய்யப்பட்டது, யார் செய்தார், எப்போது, திரும்பினால் என்ன நேரும் என்பதே. ஒரு திகதி பிசகினால் நம்பகத்தன்மை போய்விடும். ஆகவே, நேர்ந்ததைச் சொல்லவும் செய்ததைச் சுருக்கவும் பழகிக் கொண்டோம். வீட்டில் அக்கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளையும் தன்னைப் பற்றி எழுது என்றதும் அதையே எழுதுகின்றது.

அண்மையில் யுவதியொருவர் தமது கட்டுரையின் வரைவை எம்மிடம் தந்தார். 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகம், 1983 ஜூலை, 2009 மே என்று ஒன்றும் விடுபடவில்லை. எழுதியவரோ ரொறன்ரோவில் பிறந்தவர். கடைசி நான்கு வரிகளிலேதான் தலைகாட்டினார். நீர் என்ன செய்து கொண்டிருந்தீர் என்று கேட்டோம். பதினான்கு வயதிலிருந்து தகப்பனாரின் பலசரக்குக் கடைக் கணக்கை எழுதி வந்திருக்கின்றார். கடன் கொப்பியைக் கூட்டிப் பார்த்தபோது, வரவேண்டிய பணத்தில் பெரும்பகுதி கேட்க முடியாத உறவினரிடம் நின்றது. கடனை நிறுத்துவோம் என்றார் மகள். சனத்தின் முகத்தில் எப்படி முழிப்பது என்றார் தகப்பன். இரண்டு மாத இழுபறிக்குப் பின், சம்பள நாள் வரைக்கும், ஒரு தொகைக்கு மேற்படாமல் என்று முடிவாயிற்று. இரண்டு குடும்பங்கள் கடைக்கு வருவதை விட்டுவிட்டன. அது சரிதானா என்று தமக்கு இன்னமும் தெரியாது என்றார். இதை ஏன் எழுதவில்லை என்றோம். "அது சும்மா கடை விசயந்தானே, சேர்."

வணிகக் கல்லூரிக்கு எழுத அதனிலும் பொருத்தமான விடயம் எது? பணமும் உறவும் முட்டிக்கொண்ட இடத்தில் ஒருவர் தீர்மானம் எடுத்திருக்கின்றார், விலையும் கொடுத்திருக்கின்றார்.

பெற்றோரின் துயரத்தை எழுதவே கூடாதா என்று கேட்பீர்கள். எழுதலாம். தேசவழமை முதுசம் என்றும் தேடிய தேட்டம் என்றும் சொத்தை வகுக்கின்றது. தாய் தந்தையர் பட்டது பிள்ளைக்கு முதுசம். கல்லூரி கேட்பது தேட்டத்தை. அந்தத் துயரம் உம்மை எதைச் செய்யத் தூண்டியது, எதைச் செய்ய விடாமல் தடுத்தது என்ற அளவில் அது கட்டுரைக்குள் வரட்டும். இரக்கத்தைத் திரட்டுவதற்காக வந்தால், ஊரில் செத்தவர்களை அனுமதிச் சீட்டுக்கு விலையாக வைத்ததாகவே நாம் கொள்வோம். கடுமையான சொல்தான், மாற்றிக்கொள்ள மனமில்லை.

தன்னைச் சொல்வது தற்பெருமை என்ற கூச்சம் மறுபக்கத்தில் நிற்கின்றது. 1940இல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கிய உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' இதற்கு நல்ல மருந்து. ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பற்றியும் ஏட்டுச்சுவடி தேடி அலைந்த அலைச்சலைப் பற்றியும் பக்கம் பக்கமாகச் சொல்கின்றார். தம்மை மெச்சிக்கொள்ளாமலே ஆளை முழுதாக அறியத் தருகின்றார்.

காசு கொடுத்து எழுதுவிப்பவர்களும், கணினியிடம் எழுதச் சொல்பவர்களும் உளர். அவ்வாறு வருபவை நூற்றுக்கு நூறு ஒன்றுபோல இருக்கின்றன. அனுமதிக்குப் பின் விபரங்களைச் சரிபார்த்து, பொய்யெனக் கண்டால் இடத்தை மீளப்பெறும் கல்லூரிகளும் உண்டு.

இன்னொன்று. தகப்பனின் அல்லது மாமனின் கதையை எழுதுமுன் அவரிடம் கேளுங்கள். வழக்கு முடியாதவர் வீட்டில் இருக்கக்கூடும். ஊரில் இன்னும் வாழ்பவரின் பெயரும் கிராமமும் கட்டுரைக்குள் அகப்பட்டுவிடக்கூடும். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றின் முதற் சுற்று செப்டெம்பரிலும் இரண்டாம் சுற்று ஜனவரியிலும் முடிவடைகின்றன. வீட்டில் இதைப் பேசுவதற்குக் கோடை விடுமுறை போதும்.