பள்ளிவாசல் கட்டுவோர் கேட்க நாணலாமா?

பழைய பள்ளியை இடித்துப் புதிய பள்ளி எழுப்பும் ஊர்கள் இன்று பல. நிதி திரட்ட வளைகுடா வரை செல்கிறோம். ஆனால், மண்ணைச் சோதித்தீர்களா, கம்பிக் கணக்கைப் போட்டவர் யார் என்று கேட்டால், "அல்லாஹ்வின் வீடு, அவன் பார்த்துக்கொள்வான்" என்று விடை வருகிறது. இதற்குத் தவக்குல் என்று பெயர் சூட்டுவதை ஏற்க இயலாது. தெரியாது என்று சொல்ல நாணும் பெருமை இது.

மஸ்ஜிதுந் நபவியின் கட்டுமானம் நடந்துகொண்டிருந்தபோது யமாமாவிலிருந்து தல்க் இப்னு அலீ (ரலி) வந்து சேர்ந்தார்கள். ஊருக்குப் புதியவர், மண் குழைப்பதில் கைதேர்ந்தவர். மற்றவர்களைப் போல் தாமும் சுமக்கட்டுமா என்று கேட்டவரை நபி (ஸல்) அவர்கள் தடுத்து, மண் குழைக்கும் பணியை அவரிடமே ஒப்படைத்தார்கள்; அதை அவரே நன்கறிந்தவர் என்பதே காரணம். வஹீ இறங்கிய தூதர். சுற்றிலும் முஹாஜிர்களும் அன்ஸாரிகளும். ஆயினும் சேற்று வேலையில் முதலிடம் சேற்றை அறிந்தவருக்கே! மிம்பர் தேவைப்பட்டபோதும், ஓர் அன்ஸாரிப் பெண்மணிக்குச் சொல்லியனுப்பி, அவருடைய அடிமையான தச்சரைக் கொண்டே செய்வித்தார்கள்.

"பொறியாளர் நம்மவர் அல்லரே" என்று தயங்குவோரும் உளர். குறைஷியர் கஅபாவைப் புதுப்பித்தபோது மக்காவிலிருந்த கிப்தித் தச்சர் ஒருவர் மரவேலைக்கு உதவினார் என்று இப்னு இஸ்ஹாக் குறிப்பிடுகிறார். அது நபித்துவத்துக்கு முந்தியது என்பர். சரி, ஹிஜ்ரத்தில் வழிகாட்டிய அப்துல்லாஹ் இப்னு உரைகித் அப்போது இணைவைப்பவராகத்தானே இருந்தார்? உயிரையே ஒப்படைக்கத்தக்க நாணயமும் பாதையறிவும் அவரிடம் இருந்தன.

வரைபடக் கட்டணத்தை வீண் செலவென்று எண்ணும் கமிட்டி, அடுத்த ஊர் மினாராவைவிட நம்முடையது உயரவேண்டும் என்று மட்டும் தாராளமாகச் செலவிடுகிறது. முடிவில் சஃப்பை அறுக்கும் தூண்கள். குத்பாவை எதிரொலியாகச் சிதறடிக்கும் குவிமாடம். உளூச் செய்த நீர் அஸ்திவாரத்தில் இறங்கும் அவலம். அத்தனையும் கூலித் தொழிலாளியின் ஸதக்காவிலும், நம் பெண்கள் சேர்த்துக் கொடுத்த பிடியரிசிக் காசிலும் எழுந்தவை.

ஆலிம்களுக்கும் ஒரு சொல். கிப்லாவையும் சஃப்பின் ஒழுங்கையும் சொல்வது நம் கடமை. பீமின் கனத்தைத் தீர்மானிப்பதன்று.

ஆகவே, கடப்பாரை விழுமுன் தகுதியுள்ள பொறியாளரின் வரைபடம் ஜமாஅத்தார் முன் விரிக்கப்படட்டும். கொத்தனாரும் மின்பணியாளரும் அதைப் பார்த்துக் குறை சொல்லட்டும். பெண்கள் பகுதியைப் பற்றிப் பெண்களிடமே கேளுங்கள்.