நல்ல கைதி என்றொரு கதை

போர்க் கைதிகளைப் பற்றி உலகம் முழுக்க ஒரு கதை ஓடித் திரிகிறது. கேட்க இனிப்பான கதை. இரண்டாம் உலகப்போர்க் காலம், பிரித்தானியக் கிராமமொன்று, அங்கே தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்ட இத்தாலியக் கைதி. கிழங்கு கிண்டினான், மாடு பார்த்தான், வீட்டுப் பிள்ளைகளுக்கு மரத்தில் விளையாட்டுச் சாமான் செய்து கொடுத்தான், சண்டை முடிந்து போகும்போது அழுதான். "எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்தவன்" என்று பண்ணைக்காரரின் பேரப்பிள்ளைகள் சொல்லுவார்கள்.

இதெல்லாம் பொய் எண்டு சொல்ல நாங்கள் வரவில்லை. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியக் கைதிகள் பிரித்தானியாவில் இருந்தார்கள். அவர்களில் எத்தனையோ பேருக்கு நல்ல வீடுகள் வாய்த்திருக்கும். எங்கள் கேள்வி வேறு. இந்தக் கதையை எப்போதும் காணிக்காரனின் வீடுதானே சொல்லுகிறது? மண்வெட்டி பிடித்தவன் எங்கே?

அவன் பக்கத்துக் கணக்கை ஒருக்கால் பாருங்கள். போர் 1945இல் முடிந்தது. 1946இலும் நான்கு லட்சம் ஜேர்மன் கைதிகள் பிரித்தானிய மண்ணில்தான். வயலுக்கு ஆள் இல்லை, அதனால் அனுப்பவில்லை. கடைசிக் கூட்டம் வீடு போய்ச் சேர 1948 ஆனது. 1929ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை, சமாதான ஒப்பந்தத்தோடு கைதிகளை அனுப்பவேண்டும் என்றது. ஜேர்மனியோடு சமாதான ஒப்பந்தமே எழுதப்படவில்லை, ஆகவே அனுப்பத் தேவையில்லை என்றாகிவிட்டது. 1949இல் புதிய உடன்படிக்கையின் 118ஆம் உறுப்புரை, மோதல் நின்றவுடன் தாமதமின்றி விடவேண்டும் என்று திருத்தி எழுதப்பட்டதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம். 'வீட்டுப் பிள்ளை' கதையின் மறுபக்கத்தில் ஒரு சட்டமே எழுத வேண்டி வந்திருக்கிறது.

எங்கள் நாட்டுக்கும் இந்த இனிப்பு பழக்கமானதுதான். 1900 ஓகஸ்டில் தென்னாபிரிக்காவிலிருந்து போயர் கைதிகளின் முதல் கப்பல் கொழும்புக்கு வந்தது. இரண்டு வருடத்துக்குள் ஏறத்தாழ 5,000 பேர். பெரும்பாலானோர் கமக்காரர்கள். தியத்தலாவையில் முகாம், வேறு இடங்களில் சிறு முகாம்கள். அவர்களில் எங்கல்பிரெக்ட் என்பவர் பிரித்தானிய மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்தார். எடுக்காதவன் ஊர் திரும்ப முடியாது. இங்கேயே நின்றார், யால காட்டின் முதல் காவலரானார். சுற்றுலாக்காரருக்கு இன்றைக்கு அவர் எப்படி அறிமுகமாகிறார்? காட்டை நேசித்த வெள்ளைக்காரர். ஒரு கையெழுத்துக்காக ஊரை இழந்த மனிதன், கதை கைமாறிக் கைமாறி யானைப் பிரியர் ஆகிவிட்டார்.

இனி வன்னிக்கு வருவோம். 2009 மே மாதம் போர் முடிந்தபோது ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு முகாம்களுக்குள் போனார்கள். அவர்களை யாரும் போர்க் கைதி என்று சொல்லவில்லை. சரணடைந்தோர், பிறகு பயனாளிகள். உள்நாட்டுப் போரில் 'போர்க் கைதி' என்ற அந்தஸ்தே கிடையாது. சட்டப்படி அது சரிதான். ஆனால் அந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிற எல்லாம் இல்லாமல் போனதையும் பார்க்கவேண்டும். கைதியின் வேலைக்கு என்ன கூலி, எந்த வேலை கொடுக்கலாம், கடிதம், விடுதலைத் திகதி எல்லாவற்றுக்கும் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையில் விதி இருக்கிறது. பயனாளிக்கு விதி இல்லை. 2009 ஜூலைக்குப் பிறகு செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவால் அந்த முகாம்களுக்குள் போகவும் முடியவில்லை.

வெளியே வந்தவர்களில் பலருக்குக் கிடைத்த வேலை, சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் பண்ணைகளில். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கானோர். பெண்கள் பலர் அதே திணைக்களத்தின் சம்பளத்தில் முன்பள்ளி ஆசிரியர்கள். 2018 ஜூனில் விசுவமடுவில் அந்தப் பண்ணைகளுக்குப் பொறுப்பாயிருந்த கேணல் ரத்னப்பிரிய பந்து மாற்றலாகிப் போனபோது என்ன நடந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மாலை போட்டார்கள், தோளில் தூக்கினார்கள், கண்ணீர் விட்டார்கள். அந்தப் படத்தைப் பகிராத முகநூல் கணக்கு அந்த வாரம் இருந்ததா?

தெற்கில் ஒரு கூட்டம் 'பார்த்தீர்களா நல்லிணக்கத்தை' என்றது. எங்கட பக்கத்தில் ஒரு கூட்டம் தூக்கினவனைத் துரோகி எண்டது. இரண்டு கூட்டத்தோடும் நாங்கள் இல்லை. சரணடைந்து, முகாமில் இருந்து, வெளியே வந்து, சந்திக்குச் சந்தி காவலரண் இருக்கிற ஊரில் வேலை தேடினவனுக்குத் துரோகிப் பட்டம் கொடுக்க, சம்பளம் வாங்கும் மேசையில் இருந்து தட்டச்சு செய்பவனுக்கு என்ன உரிமை?

ஆனால் அந்தக் கண்ணீரை நல்லிணக்கச் சான்றிதழாகச் சட்டம் போட்டு மாட்டுவதையும் ஏற்க முடியாது. அந்த அதிகாரி நல்ல மனுசன் எண்டே வைப்போம். எங்கள் கச்சேரியில் ஒரு அதிகாரி மாறிப்போனால் கேக் வெட்டுவார்கள், ஒரு பார்சல் கொடுப்பார்கள், அடுத்த நாள் எல்லாரும் வேலைக்கு வருவார்கள். யாரும் விம்மி அழுவதில்லை, ஏனென்றால் சம்பளம் அந்த ஆளிடமிருந்து வரவில்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு மேலதிகாரியின் மாற்றல் இத்தனை பேருக்கு இழவு வீடு மாதிரி ஆகிறதென்றால், அவர்களுடைய பாதுகாப்பு ஒரு மனிதரின் நல்ல குணத்தில் தொங்கிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். வேலை தருபவரும் சீருடை. விசாரணைக்குக் கூப்பிடுபவரும் சீருடை. இதற்குள் 'விருப்பம்' என்ற சொல்லை எங்கே வைப்பது?

"அப்ப அந்த வேலையும் இல்லாமப் போயிருந்தா நல்லமோ?" என்று கேட்பீர்கள். இல்லை. அந்தச் சம்பளத்தில் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். வேலையை எடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. சம்பளமும் சீருடையும் ஏன் ஒரே கையிலிருந்து வரவேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

தமிழ் வாசகர்களுக்கும் இந்த இனிப்பு நோய் உண்டு. 1994 செப்டெம்பரில் மன்னார்க் கடலில் புலிகள் சாகரவர்த்தன கப்பலை மூழ்கடித்தார்கள். அதன் தளபதி அஜித் போயகொட எட்டு வருடம் அவர்களின் கைதி. 2016இல் அவர் நினைவுக் குறிப்பு வெளிவந்தபோது எங்கள் ஆட்களில் பலர் அதில் தேடியது ஒன்றே ஒன்று: 'நல்லாத்தான் நடத்தினவங்கள்' என்ற வரி. எட்டு வருடம் என்ற எண் கண்ணில் படவேயில்லை. அதே இயக்கம் வன்னியில் சொந்தச் சனத்தையே பதுங்குகுழி வெட்டக் கட்டாயப்படுத்தியதை 2008இல் மனித உரிமைகள் கண்காணிப்பகம் பதிவு செய்தது. அதைப் பகிர்ந்தவர்கள் எத்தனை பேர்?

வண்ணாத்திவில்லுவில் இருந்துகொண்டு இதையெல்லாம் ஏன் எழுதுகிறீர்கள் என்றால், காரணம் இருக்கிறது. சிவில் பாதுகாப்புத் திணைக்களம் 2006இல் ஊர்காவல் படையிலிருந்து உருவாக்கப்பட்டது. வில்பத்துக் காட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்களைப் போன்ற ஊர்களுக்கு ஊர்காவல் படை புதுச் சொல் இல்லை. எல்லைக் கிராமத்தில் புலி வரும் என்று இரவு முழுக்கத் துவக்கோடு முழித்திருந்தவரும், அந்தப் புலியாக இருந்தவரும் பிறகு ஒரே திணைக்களத்தின் சம்பளப் பட்டியலில். இதைவிடப் பெரிய கதை இந்த நாட்டில் என்ன இருக்கிறது? இரண்டு பேரிடமும் போய் யாராவது கேட்டார்களா? கலைப்பீடங்களில் வருடாவருடம் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறோம். பாதி, போன வருடத்துத் தலைப்பின் ஊர்ப் பெயரை மாற்றினது.

இன்னொரு காரணம் இன்னும் கிட்ட. வெலிக்கந்தைப் பக்கம் கந்தக்காடு. போருக்குப் பிறகு முன்னாள் போராளிகளை வைத்திருந்த இடம், பக்கத்தில் இராணுவப் பண்ணை. இப்போது அங்கே போதைப்பொருள் பாவித்தவர்கள். வேலி அதே வேலி, நிர்வாகம் அதே சீருடை, உள்ளே இருப்பவர்கள் மட்டும் வேறு. 2022 ஜூனில் உள்ளே இருந்த ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து குழப்பம் வெடித்து நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினார்கள். அதே வருடம் வந்த புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலத்தில் முன்னாள் போராளிகள், வன்முறைத் தீவிரவாதக் குழுக்கள், 'வேறு எந்தக் குழுவினரும்' என்றெல்லாம் எழுதியிருந்தது. உயர் நீதிமன்றம் அதை வெட்டச் சொன்ன பிறகுதான் 2023 ஜனவரியில் சட்டமானது. இந்தக் கரையோரத்தில் ஐஸ் எத்தனை வீட்டுக்குள் புகுந்திருக்கிறது என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். நாளைக்கு அந்த வேலிக்குள் போகப்போவது எங்கட வகுப்புப் பெடியன்தான். அவனும் ஒருநாள் மாலையோடு ஒரு படத்தில் நிற்பான், நாங்களும் லைக் போடுவோம்.

ஆகவே இந்த விடுமுறையில் நாங்கள் கேட்டு எழுதத் தொடங்குகிறோம். பண்ணையில் வேலை செய்தவர்கள், செய்துகொண்டிருப்பவர்கள், முன்பள்ளி ரீச்சர்மார், ஊர்காவல் படையில் நின்ற மாமாமார், கந்தக்காடு போய் வந்தவர்கள். பெயர் வேண்டாம், படம் வேண்டாம், ஊர்கூடச் சொல்லத் தேவையில்லை. கேட்கப்போவது மூன்றே கேள்வி: என்ன கூலி தந்தார்கள்? மாட்டேன் என்று சொல்ல முடிந்ததா? எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று யாராவது சொன்னார்களா? உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் கதைக்க விரும்பினால் மட்டும், எங்களுக்குச் சொல்லுங்கள். விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள். 'மாட்டேன்' என்று அவர் சொல்லக்கூடிய ஓர் இடமாவது இருக்கட்டும்.